காந்தியடிகளின் அன்றாட ஒழுங்கு

1927ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கதர் நிதிக்குப் பணம் சேர்க்கும் பயணம் அது. கொழும்பு, காலி, கண்டி, பதுளை எனத் தீவெங்கும் சுற்றிய பின்னரே குடாநாட்டை வந்தடைந்தார். இங்கே இராமநாதன் மகளிர் கல்லூரியிலும் உடுவில் மகளிர் பாடசாலையிலும் மாணவிகள் முன் உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 58. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் உயர் இரத்த அழுத்தத்தால் கடுமையாக நோயுற்று, வைத்தியர்கள் பயணங்களை நிறுத்த, நந்தி மலையில் ஓய்வெடுத்திருந்தார். எட்டு மாதங்களின் பின் கடல் கடந்து வந்து, ஊர் ஊராகப் பேசி, நிதி திரட்டும் வலிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய வாழ்வைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

1869 ஒக்டோபர் 2ஆம் திகதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், பள்ளி நாட்களில் உடற்பயிற்சி வகுப்பை விரும்பாதவர். ஆனால் திறந்தவெளியில் நெடுந்தூரம் நடப்பது நல்லது என்று நூல்களில் படித்து, நடக்கத் தொடங்கினார். 1888இல் சட்டம் படிக்க இலண்டன் சென்றபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. செலவைச் சுருக்குவதற்காக வாகனக் கட்டணத்தை மிச்சம் பிடித்து, நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். காசுக்காகச் செய்தது உடலுக்குக் காவலாயிற்று. பின்னர் தென்னாபிரிக்காவில், 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து ஜொகனஸ்பேர்க் 21 மைல். சொந்த அலுவலுக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும் என்பது பண்ணையின் விதி. அவரும் அதிகாலை இருளில் புறப்பட்டு நடந்து போய், நடந்தே திரும்பினார்.

1915இல் இந்தியா திரும்பியதும் புதிய தொல்லை ஒன்று வந்தது: உபசரிப்பு. அப்போது அவர் பழங்களும் கொட்டைகளும் மட்டுமே உண்டு வந்தார். கல்கத்தாவில் அவர் தங்கிய வீட்டில், நகரில் கிடைத்த பழவகை எல்லாம் வரவழைக்கப்பட்டன. அந்த வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கொட்டைகளின் தோலை உரித்தார்கள். எளிமை என்று தாம் எண்ணியிருந்த உணவு பிறருக்குப் பெரும் பாரமாகிவிட்டதை அவர் கண்டார். அதே ஆண்டு ஹரித்துவாரில் கும்பமேளாவின்போது விரதம் ஒன்று பூண்டார். ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை. இருட்டிய பின் உண்பதில்லை. நோய் வந்தால் உட்கொள்ளும் மருந்தும் அந்த ஐந்துக்குள் அடங்கும். இந்த விரதம் அவருடைய நாவை அடக்கியதோடு, போகுமிடமெல்லாம் அடுப்படியில் நிற்போரின் வேலையையும் குறைத்தது.

ஆயினும் அவருடைய ஒழுங்குகள் எல்லாம் நல்லபடியே முடிந்தன என்று சொல்வதற்கில்லை. 1918இல் வயிற்றுளைவு கண்டிருந்தும், பண்டிகை நாளொன்றில் கஸ்தூரிபா செய்திருந்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பயறையும் மறுக்க மனமின்றி உண்டார். நோய் முற்றி மரணத்தின் வாயில்வரை சென்றார். பால் அருந்தினால்தான் உடல் தேறும் என்றார் வைத்தியர். பசுக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை எண்ணிப் பாலை விலக்கியிருந்த அவர் இணங்கவில்லை. அந்த நேரத்தில் வழி கண்டவர் கஸ்தூரிபா. விரதம் எடுத்தபோது நினைவில் இருந்தவை பசுவும் எருமையுமே என்பதால், ஆட்டுப்பாலுக்குத் தடையில்லை என்றார். அவர் ஏற்றுக்கொண்டு பிழைத்தார். விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனினும் உலகம் அறிந்த அவருடைய ஆட்டுப்பால் உணவு, ஒரு மனைவியின் சமயோசிதத்தால் வந்ததே. வீட்டில் ஒருவர் எடுக்கும் விரதத்தின் சுமை பெரும்பாலும் இன்னொருவரின் தோளில்தான் ஏறுகிறது என்பதை நாம் அறிவோம்.

ஆச்சிரமத்தில் அவருடைய நாள் விடியுமுன் நான்கு மணிக்கே தொடங்கியது. பிரார்த்தனை, காலை நடை, எண்ணெய் தேய்ப்பு, குளிப்பு, கடிதங்கள், பத்திரிகைக் கட்டுரைகள், கைராட்டையில் நூல் நூற்றல், பகலில் சிறு தூக்கம், மாலைப் பிரார்த்தனை, மீண்டும் நடை. திங்கட்கிழமைகளில் மௌனம். அந்த நாளில் பேச்சு ஓய்ந்தது. தேங்கிய எழுத்து வேலை முடிந்தது. வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதினார். வயிற்றில் மண்பட்டி போட்டுக்கொள்வதும் வழக்கம். இவற்றுள் பணச் செலவு மிக்கது எதுவுமில்லை.

இந்த ஒழுங்கின் மேல்தான் பெரிய அமைப்புகள் எழுந்தன. 1925இல் அவர் நிறுவிய அகில இந்திய நூற்போர் சங்கம், கிராமப் பெண்கள் வீட்டிலிருந்தே நூல் நூற்றுக் கூலி பெற வழி செய்தது. யாழ்ப்பாணத்தில் அவர் திரட்டிய நிதியும் அந்தப் பணிக்கே. இலங்கைப் பயணத்தில் கஸ்தூரிபாவும் உடன் வந்திருந்தார். 1930இல், அறுபது வயதில், தண்டிக்கு 24 நாட்களில் ஏறத்தாழ 240 மைல் நடந்தார். வழியிலும் பிரார்த்தனையும் நூற்பும் தவறவில்லை. திங்கட்கிழமைகளில் நடை இல்லை.

1942இல் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதினார். அதே சிறையில் 1944 பெப்ரவரி 22ஆம் திகதி கஸ்தூரிபா காலமானார். 1948 சனவரி 30ஆம் திகதி மாலை, பேச்சொன்று நீண்டதால் ஐந்து மணிப் பிரார்த்தனைக்குச் சில நிமிடங்கள் பிந்திவிட்டன. பிந்துவதை விரும்பாத அவர், இரு பெண்களின் தோள்களில் கைகளை வைத்தபடி புல்வெளியில் விரைந்து நடந்தார். அந்த நடையிலேயே உயிர் துறந்தார்.

எமது பழைய மாணவிகள் இன்று எந்த நாட்டில் இருந்தாலும் அலுவலகமும் வீடும் ஊர்ப்பணியும் சுமப்பவர்கள். பிறர் நலம் பார்த்துத் தம் நலத்தை நாளைக்கென்று தள்ளுபவர்கள். அவருடைய உணவுப் பட்டியல் நமக்கு வேண்டியதில்லை. ஒருமுறை முடிவு செய்த சிறு ஒழுங்கை நாள்தோறும் கேள்விக்குள்ளாக்காமல் கடைப்பிடிப்பதையும், அந்த ஒழுங்கு வீட்டில் எவருடைய தோளில் ஏறுகிறது என்று பார்ப்பதையும் அவரிடமிருந்து கற்கலாம். பிடிவாதம் ஆபத்தாகும் வேளையில் அருகில் இருப்பவர் சொல் கேட்பதைக் கஸ்தூரிபாவின் ஆட்டுப்பால் நினைவூட்டட்டும்.