கற்கோயில்களைத் தாளில் ஏற்றிய டேவிட் இராபர்ட்ஸ்

தொழிலால் உயர்ந்த பெரியோர் வரலாறுகளை அறிதல் தொழில் செய்து வாழும் குடும்பத்தார்க்குப் பெரிதும் பயன் தருவதாகும். பழம்பெருங் கற்கோயில்களை நீர்வண்ணத்தால் தீட்டிப் பெரும்புகழ் எய்திய டேவிட் இராபர்ட்ஸ் என்பாரின் வாழ்க்கையை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறியுமாறு யாம் ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

இவர் 1796-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரை அடுத்த ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். வறுமை நீங்காத குடும்பம். இளமையில் இவர் கரிக்கட்டையும் செங்காவியும் கொண்டு வீட்டுச் சுவரில் விலங்குகளின் உருவங்களை வரைந்து தாயாருக்குக் காட்டுவார். மகனது நாட்டம் இன்னதென உணர்ந்த பெற்றோர், தந்தையின் தொழிலிலேயே அவரை நிறுத்தாது, வீடுகளுக்கு வண்ணம் பூசி அழகு செய்யும் கேவின் பியூகோ என்பவரிடம் தொழில் பயில விடுத்தனர். பத்து வயதில் சென்ற சிறுவர் ஏழாண்டு அங்கே உழைத்தார். வண்ணம் அரைத்தலும் கலத்தலும், வெறுஞ் சுவரைப் பளிங்கெனவும் மரமெனவும் தோன்றுமாறு தீட்டுதலும் அவர் கைக்கு வசமாயின. உயர்ந்த கலைக்கழகம் எதிலும் நெடுநாள் இருந்து பயின்றவர் அல்லர் அவர். சாரத்தின்மேல் நின்று செய்த கூலிவேலையே அவர்க்குக் கல்வியாயிற்று.

பின்னர் 1816-ஆம் ஆண்டு முதல் நாடகமேடைகளுக்குத் திரைச்சீலை எழுதும் வேலையை மேற்கொண்டார். கிளாஸ்கோ, எடின்பரோ நகர்களின் அரங்குகளில் உழைத்து, 1822-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் புகுந்து, டுரூரி லேன், காவென்ட் கார்டன் என்னும் பேர்பெற்ற அரங்குகளில் பணிபுரிந்தார். திரை எழுதுவோன் அகன்ற பரப்பில் விரைந்து எழுதல் வேண்டும். அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் அளவுமுறை பிழையாது காட்டல் வேண்டும். ஒளியும் நிழலும் கடைசி இருக்கையில் அமர்ந்தான் கண்ணுக்கும் விளங்கல் வேண்டும். இம்மூன்றும் பிற்காலத்து அவர்க்குப் பெருந்துணை ஆயின.

1838-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் எகிப்து நாடு நோக்கிப் புறப்பட்டார். கெய்ரோ நகரில் ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, எலியும் பூச்சியும் ஒழியும்பொருட்டு அதனை நீரில் அமிழ்த்தி எடுத்த பின்னரே ஏறி, நைல் நதியில் தெற்கே அபு சிம்பல் வரை சென்றார். மலையைக் குடைந்து அமைத்த அக்கோயிலின் முகப்பில் மணல் மூடிக்கிடந்தது. அந்நிலையிலேயே அதனை எழுதினார். திரும்பும் வழியில் 134 தூண்கள் நிற்கும் கர்நாக் மண்டபத்தையும், பைலே தீவின் கோயில்களையும் எழுதினார்.

அவர் எழுதிய முறை அறியத்தக்கது. சாயம் ஏற்றிய தாளில் முதற்கண் எழுதுகோலால் தூணும் விட்டமும் அளவு பிழையாது கோடிடுவார். அதன்மேல் நீரில் கரைத்த மெல்லிய வண்ணத்தைத் தடவி நிழலையும் கல்லின் நிறத்தையும் காட்டுவார். வெயில் படும் இடங்களை இறுதியில் கெட்டியான வெண்ணிறத்தால் துலக்குவார். நீர்வண்ணம் விரைவில் உலர்வது. தடவிய பின் திருத்துதற்கு எளிதில் இடங்கொடாதது. ஆதலின், கை தொடங்குமுன் கண் முடிவுசெய்தல் வேண்டும். தூணின் அடியில் சிறு மனித உருவங்களை நிறுத்துதலும் அவர் வழக்கம். அவற்றை நோக்கியே அத்தூணின் பெருமையை நாம் அளந்தறிகின்றோம்.

கெய்ரோவின் பள்ளிவாசல்களுள் இருந்து எழுதுதற்கு இசைவு பெற்றபோது, துருக்கியர் உடை அணிதலையும், பன்றிமயிர்த் தூரிகையை விலக்குதலையும் அவர் ஏற்றுக்கொண்டார். பிறர் வழிபடும் இடத்தில் அவர்தம் நெறியைப் பேணி நடந்தது அவரது பண்பைக் காட்டும். 1839-ஆம் ஆண்டில் சினாய்ப் பாலைநிலத்தைக் கடந்து, செந்நிறப் பாறையில் குடையப்பெற்ற பெட்ராவையும், எருசலேமையும் கண்டு எழுதினார். உடல்நலம் குன்றிய நிலையிலும் பால்பெக்கின் பெருந்தூண்களை எழுதாது விட்டாரில்லை. அவ்வாண்டே 272 ஓவியங்களோடு இலண்டன் மீண்டார்.

அவற்றை நூலாக வெளியிடுதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. மூன் என்னும் பதிப்பாளர் அப்பொறுப்பை ஏற்று, ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, முன்பணம் தருவோரைத் திரட்டினார். விக்டோரியா அரசியாரும் அவருள் ஒருவர். ஓவியங்களைக் கல்லச்சில் ஏற்றியவர் பெல்ஜிய நாட்டு லூயி ஹாக் ஆவர். பிறவியிலேயே வலக்கை ஊனமுற்ற அவர், அத்துணை நுண்ணிய வேலையையும் இடக்கையாலேயே செய்து முடித்தார். 1842 முதல் 1849 வரை அந்நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. இராபர்ட்ஸ் எழுதிவந்த பயணக் குறிப்புகளை அவர் மகளார் கிறிஸ்டின் படியெடுத்துக் காத்தனர். சுவருக்கு வண்ணம் பூசியவர் 1841-ஆம் ஆண்டில் இலண்டன் அரசக் கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். 1864-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் காலமாகும் வரையில் தூரிகையைக் கீழே வைத்தாரல்லர்.

அவர் மறைந்த பின்னரே அவ்வுழைப்பின் முழுப்பயனும் விளங்கிற்று. 1902-ஆம் ஆண்டில் அசுவான் அணை கட்டப்பெற்றது. பைலேக் கோயில்கள் ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கின. தூண்தலைகளில் மிஞ்சியிருந்த பழைய வண்ணங்கள் கரைந்து போயின. அக்கோயில்கள் பிற்காலத்துப் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1980-ஆம் ஆண்டளவில் அண்மைத் தீவொன்றில் மீண்டும் நிறுவப்பெற்றன. அபு சிம்பல் கோயிலும் 1964 முதல் 1968 வரை அறுத்தெடுக்கப்பட்டு உயர்ந்த இடத்தில் அமைக்கப்பெற்றது. கல்லை மீட்டனர், கரைந்த வண்ணத்தை மீட்க இயலவில்லை. அந்நீலமும் பச்சையும் எவ்வாறு இருந்தன என்று அறிய விழைவோர் இராபர்ட்ஸின் தாள்களையே இன்றும் நாடுகின்றனர்.

அன்பர்களே! தம் மக்கள் கைத்தொழில் பயிலுதலை இழிவென எண்ணி, விருப்பமில்லாத படிப்பில் அவர்களை வருத்துவோர் நம்முள் உளர். குலத்தொழிலை விட்டு வேறொன்றை நாடும் பிள்ளையைக் கடிந்து தடுப்போரும் உளர். இருசாராரும் அச்செருப்புத் தொழிலாளர் செய்ததை எண்ணிப் பார்த்தல் நலம். அவர் தம் தொழிலை மகன்மேல் சுமத்தவில்லை. மகன் கையால் உழைத்தலை இழிவென்றும் கருதவில்லை. உம் பிள்ளை சுவரில் கரியால் கிறுக்கினால், சுவரைப் பின்னர் வெள்ளையடித்துக்கொள்ளலாம். கிறுக்கிய அந்தக் கையை அடியாதீர். அஃது எதனை நாடுகின்றது என்று முதலில் நோக்குமின் என நாம் வேண்டிக்கொள்கின்றோம்.