பிலடெல்பியாவில் தமிழ் பேசிய பாவா

கரடியனாறு முதலான படுவான்கரைக் கிராமங்களில் அம்மன் சடங்குக் காலத்தில் தெய்வமாடுவோரையும், வாவிக்கு அப்பால் முஸ்லிம் ஊர்களில் ராத்திபு மஜ்லிஸில் தம்மை மறந்து நிற்போரையும் அறிந்த எமக்கு, 'நான்' என்ற உணர்வு கரைந்துபோகும் அனுபவம் புதிய செய்தியன்று. மேலைத்தேய ஆய்வுகூடங்களோ அதனைக் காளானிலுள்ள சிலோசிபின் என்னும் இரசாயனத்தின் துணையுடன் ஆராய்ந்து வருகின்றன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு மறுவாழ்வளித்தது. இவ்வேளையில் முஹையத்தீன் பாவாவை நாம் நினைவுகூருவது பொருத்தமானதே.

அவர் பிறந்த ஊரையோ ஆண்டையோ எவரும் அறியார். 1940களில் கதிர்காமக் காட்டுப் பகுதியில் அவரைக் கண்ட யாத்திரிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாத அந்த சூபி ஞானியை நாடி வந்தோரில் பெரும்பாலானோர் இந்துக்கள். அவர்களுக்குப் புராணக் கதைகளைக் கொண்டே ஏகத்துவத்தைப் போதித்தார். நோயாளரைப் பராமரித்தார், தாமே சமைத்துப் பசித்தோருக்குப் பரிமாறினார், புளியங்குளத்தில் நிலம் திருத்திப் பயிர் செய்தார். ஞானத்துக்கும் மண்வெட்டிக்கும் பகை இல்லை என்பதைப் படுவான்கரை விவசாயிக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1971 ஒக்டோபரில் அவர் பிலடெல்பியா சென்றார். எல்.எஸ்.டி. போன்ற மாத்திரைகளில் மெய்ஞ்ஞானம் தேடிய ஒரு தலைமுறை அப்போது அங்கே களைத்துப் போயிருந்தது. அத்தகைய இளைஞர்களுக்கு அவர் போதைப் பொருள் எதனையும் பரிந்துரைக்கவில்லை. மரக்கறி உணவு, உழைப்பு, இடையறாத இறைநினைவு, சினத்தையும் கர்வத்தையும் அன்றாடம் அடக்குதல் ஆகியவையே அவர் காட்டிய வழி. மருந்தினால் கரையும் 'நான்' மருந்தின் வேகம் தணிந்ததும் திரும்பி வந்துவிடும்; இவ்வழியோ ஆயுள் முழுவதையும் கேட்பது. ஆய்வாளர்கள் எத்தனை அளவீடுகளைச் செய்தாலும் இந்த வேறுபாட்டைப் புறக்கணித்தல் ஆகாது என்பதே எமது எண்ணம்.

அவர் சுவாமியா, ஷெய்கா என்ற விவாதம் இருதரப்பிலும் எழுந்ததுண்டு. ஆரம்பத்தில் குரு பாவா என்றே அழைக்கப்பட்டவரின் பெயரிலிருந்து 'குரு' பின்னாளில் நீங்கியது. 1984இல் பிலடெல்பியாவில் பள்ளிவாசல் ஒன்றும் எழுந்தது. ரூமியின் கவிதைகளை அமெரிக்காவெங்கும் பரப்பிய கோல்மன் பார்க்ஸும் அவரது மாணவரே.

1986 டிசம்பர் 8ஆம் திகதி பாவா காலமானார். பென்சில்வேனியாவின் கோட்ஸ்வில் அருகேயுள்ள அவரது மஸாருக்குப் பல சமயத்தவரும் செல்கின்றனர். அவர் இறுதிவரை தமிழிலேயே பேசினார். அப்பேச்சுக்கள் ஆங்கிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்களாகிவிட்டன. தமிழில் அச்சேறியவை மிகச் சிலவே.