ஜாமீன் நின்ற ஜான் அகஸ்டஸ்

சட்டம் படிக்காத ஒருவர் நீதிமன்றத்தின் போக்கை மாற்ற முடியுமா? மாற்றிக் காட்டியவர் ஜான் அகஸ்டஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்து வாழ்ந்தவர் அவர்.

1841 ஆகஸ்டில் ஒரு நாள், போலீஸ் நீதிமன்றத்தில் கந்தல் உடையுடன் ஒரு குடிகாரன் நிறுத்தப்பட்டான். அகஸ்டஸ் அவனிடம் பேசினார், திருந்தும் மனம் இருப்பதை அறிந்தார், ஜாமீன் நின்றார். இனிக் குடிப்பதில்லை என உறுதியும் பெற்றார். மூன்று வாரம் கழித்து வந்தவனை அடையாளமே தெரியவில்லை. சிறைக்குப் பதிலாக ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவுமே விதிக்கப்பட்டன.

அதுவே அவரது வாழ்நாள் பணியாயிற்று. கேட்டவர்க்கெல்லாம் அவர் ஜாமீன் தரவில்லை. முன்நடத்தை, வயது, சகவாசம் ஆகியவற்றை ஆராய்ந்த பிறகே பொறுப்பேற்றார். வேலையும் தங்க இடமும் தேடித் தந்தார். ஆளைச் சிறைக்குக் கொண்டுசென்றால் கிடைக்கும் கட்டணத்தை இழந்த நீதிமன்ற ஊழியர்கள் அவரைப் பகைத்தனர். சொந்தத் தொழிலும் நலிந்தது. ஆயினும் 1858க்குள் 1,946 பேருக்கு ஜாமீன் நின்றார். 1859இல் மறைந்தார்.

1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டனில் ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலரை நியமிக்கச் சட்டம் இயற்றியது. இன்று போதை வழக்குகளில் நீதிமன்றங்கள் கேட்கும் மதிப்பீட்டுக்கும் ஆலோசனைக்கும் முன்னோடி அவரே.

பட்டம் பெறப்போகும் நண்பர்களே! குடியில் வீழ்ந்தவனைக் கண்டு ஒதுங்குமுன், அவன் கதையைக் கேட்டறிய நாமும் பழகுவோம்.