நாலு தந்தி வாத்தியமும் நாட்டை இழந்த மன்னரும்

ஹவாய் ராஜா கலாகாவாவின் வாழ்க்கை

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே உள்ளது ஹவாய்த் தீவுக் கூட்டம். இன்று அது அமெரிக்காவின் 50-வது மாநிலம். ஒரு காலத்தில் அது தனி நாடு. அதற்குத் தனிக் கொடி இருந்தது. தனி ராஜா இருந்தார்.

அந்த நாட்டை ஆண்ட ராஜாக்களில் கடைசியானவர் கலாகாவா. அவருக்குப் பிறகு ஒரு ராணி ஆண்டார். அத்துடன் ராஜ்யம் முடிந்தது.

உலகத்தைச் சுற்றி வந்த முதல் மன்னர் கலாகாவாதான். ஏழைத் தச்சர்கள் செய்த ஒரு சின்ன வாத்தியத்தை அரண்மனைக்குள் கொண்டு வந்தவரும் அவர்தான். அந்த வாத்தியத்தின் பெயர் உக்குலேலே.

பிறப்பும் படிப்பும்

கலாகாவா 1836-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி ஹொனலூலு நகரில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் குலத் தலைவர்களின் பரம்பரை. பெற்ற பிள்ளையை வேறு ஒரு பெரிய குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். கலாகாவாவும் அப்படியே வளர்ந்தார்.

அமெரிக்கப் பாதிரியார் தம்பதி நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். ஆங்கிலம் நன்றாகக் கற்றார். பிறகு சட்டம் படித்தார். தபால் இலாகாவின் தலைவராகவும் இருந்தார். 1863-ம் ஆண்டு கபியோலானி என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அவருடன் பிறந்தவர்களில் தம்பி ஒருவரும் தங்கைகள் இருவரும் அவரைப் போலவே பாட்டில் ஈடுபட்டவர்கள். நான்கு பேருக்கும் பாட்டு என்றால் உயிர். நால்வரும் பாட்டுக் கட்டினார்கள். தங்கை லிலியுவோகலானி கட்டிய ‘அலோஹா ஓயே’ என்ற பாட்டு, பிற்காலத்தில் உலகம் முழுவதும் பரவியது.

ஓட்டில் வென்ற ராஜா

1874-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹவாய் மன்னர் லுனலிலோ இறந்தார். அவருக்கு வாரிசு இல்லை. சட்டசபை கூடி ராஜாவைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

கலாகாவாவும், முன்பு ஆண்ட ஒரு மன்னரின் விதவை ராணி எம்மாவும் போட்டியிட்டார்கள். கலாகாவாவுக்கு 39 ஓட்டு. எம்மாவுக்கு 6 ஓட்டு.

எம்மாவின் ஆட்கள் கொதித்து எழுந்தார்கள். சபை கூடிய கட்டிடத்துக்குள் புகுந்து அங்கத்தினர்களை அடித்தார்கள். துறைமுகத்தில் நின்ற அமெரிக்க, ஆங்கிலக் கப்பல்களில் இருந்து சிப்பாய்கள் இறங்கி வந்து கலகத்தை அடக்கினார்கள்.

அந்நியரின் துப்பாக்கிக் காவலில் தொடங்கியது கலாகாவாவின் ஆட்சி. பின்னால் அந்தத் துப்பாக்கி அவர் பக்கமே திரும்பியது!

கரும்பு தந்த வாத்தியம்

1875-ம் ஆண்டு அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஹவாய்ச் சர்க்கரையைத் தீர்வை இல்லாமல் அமெரிக்காவில் விற்கலாம் என்பது அதன் முக்கிய அம்சம். கரும்புத் தோட்டங்கள் பெருகின. தோட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

வேலை செய்ய ஆள் போதவில்லை. வெளிநாட்டார் கொண்டு வந்த நோய்களால் ஹவாய் மக்களின் தொகை மிகவும் குறைந்து போயிருந்தது. அதனால் சீனா, ஜப்பான், போர்ச்சுக்கல் ஆகிய நாடுகளில் இருந்து கூலியாட்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

1879-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி ‘ராவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் ஹொனலூலு வந்து சேர்ந்தது. அதில் போர்ச்சுக்கலைச் சேர்ந்த மதீரா தீவு மக்கள் 400 பேருக்கு மேல் வந்தார்கள். நான்கு மாதக் கடல் பயணம்! கரை கண்ட மகிழ்ச்சியில் அவர்கள் தங்கள் நாட்டு வாத்தியத்தை எடுத்து வாசித்துப் பாடினார்கள். அந்த வாத்தியத்துக்கு மச்செட்டே என்று பெயர். நான்கு தந்தி கொண்ட, மிகச் சிறிய கிதார் அது.

கப்பலில் வந்தவர்களில் மனுவேல் நூனிஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று பேர் மரவேலை தெரிந்தவர்கள். தோட்ட வேலைக் காலம் முடிந்ததும் அவர்கள் ஹொனலூலுவில் பட்டறை வைத்தார்கள். உள்ளூர் ‘கோவா’ மரத்தில் வாத்தியம் செய்தார்கள். அந்த மரம் நம் ஊர் கருவேல மரத்துக்குத் தூரத்து உறவு. தந்திகளைச் சுருதி சேர்க்கும் முறையையும் மாற்றினார்கள். புது வாத்தியம் பிறந்தது.

ஹவாய் மொழியில் ‘உக்கு’ என்றால் தெள்ளுப் பூச்சி. ‘லேலே’ என்றால் தாவுவது. வாசிப்பவரின் விரல்கள் தெள்ளுப் பூச்சி போலத் தந்திக்குத் தந்தி தாவியதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். லிலியுவோகலானி வேறு பொருள் சொன்னார். கடல் தாண்டி வந்து சேர்ந்த பரிசு என்பது அவர் சொன்ன பொருள்.

பட்டறைக்குப் போன மன்னர்

கலாகாவா இந்த வாத்தியத்தில் மனதைப் பறிகொடுத்தார். டியாஸின் பட்டறைக்கு அடிக்கடி போய் வந்தார். தாமே வாசிக்கக் கற்றார். அரண்மனை விருந்துகளில் போர்ச்சுக்கல் தச்சர்களை அழைத்து வாசிக்கச் செய்தார். ராஜாவே வாசிக்கும் வாத்தியம் என்றதும் ஊரார் எல்லோரும் கையில் எடுத்தார்கள்.

ஹவாய் மக்களின் பழைய நடனம் ஹுலா. பாதிரிமார்கள் அதை ஆபாசம் என்று வெறுத்தார்கள். பொது இடங்களில் ஆடுவதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தி இருந்தார்கள். கலாகாவா அதைப் பொருட்படுத்தவில்லை. 1883-ம் ஆண்டு முடிசூட்டு விழாவில் எல்லோரும் காண ஹுலா ஆட வைத்தார். 1886-ம் ஆண்டு தமது 50-வது பிறந்த நாள் விழாவிலும் ஹுலா நடந்தது. அந்த விழாவில் உக்குலேலேயும் சேர்ந்து ஒலித்தது.

வாயால் சொல்லி வந்த பழம் பாட்டுகளை எழுத்தில் ஏற்றவும் அவர் பாடுபட்டார். உலகம் தோன்றிய வரலாற்றைச் சொல்லும் ‘குமுலிப்போ’ என்ற நீண்ட பாட்டு 2,000 வரிகளுக்கு மேல் கொண்டது. அதை 1889-ம் ஆண்டு அச்சில் கொண்டு வந்தார்.

வாசிப்பதும் காப்பதும்

உக்குலேலேயைக் கற்பது எளிது. மார்போடு அணைத்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் தந்திகளை மேலும் கீழும் வருட வேண்டும். நம் ஸ்வரக் கணக்கில் நான்கு தந்திகளும் ப, ஸ, க, த என்று ஒலிக்கும். முகத்துக்குப் பக்கத்தில் உள்ள முதல் தந்தியின் ஒலி தாழ்ந்தது அல்ல. அடுத்த இரண்டையும் விட உயர்ந்தது. அதுதான் இதன் தனி இனிமை. கடைசித் தந்தியின் 3-வது மெட்டில் ஒரே ஒரு விரலை வைத்து நான்கையும் வருடினால் ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். முதல் பாடம் அவ்வளவுதான்.

காப்பதில்தான் கவனம் வேண்டும். மரம் மிக மெல்லியது. வெயிலில் வைத்தால் வெடிக்கும். அதிக ஈரம் பட்டால் ஊதும். பூட்டிய மோட்டார் காரில் விட்டுச் செல்லக் கூடாது. வாசித்து முடித்ததும் கை வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்டுக் குடல் நரம்பைத் தந்தியாகக் கட்டினார்கள். இன்று பெரும்பாலும் நைலான் தந்தி. புதுத் தந்தி சில நாள் இழுபட்டுச் சுருதி இறங்கும். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

உலகம் சுற்றினார்

1881-ம் ஆண்டு ஜனவரியில் கலாகாவா உலகப் பயணம் புறப்பட்டார். தோட்டங்களுக்கு ஆள் தேடுவதும், மற்ற நாடுகள் எப்படி ஆளப்படுகின்றன என்று பார்ப்பதும் நோக்கம். ஜப்பான் சக்கரவர்த்தியையும் சயாம் மன்னரையும் சந்தித்தார். இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவில் இறங்கி ரயிலில் பம்பாய்க்குப் போனார். லண்டனில் விக்டோரியா மகாராணியைக் கண்டார். நியூயார்க்கில் எடிசனிடம் மின்சார விளக்கைப் பற்றிக் கேட்டு அறிந்தார். சில ஆண்டுகளில் அவருடைய இயோலானி அரண்மனையில் மின்சார விளக்கு எரிந்தது. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு அப்போது மின்சாரம் வரவில்லை!

துப்பாக்கி முனையில் கையெழுத்து

மன்னரிடம் குறையும் இருந்தது. அரண்மனை, முடிசூட்டு விழா, விருந்து என்று பணம் தண்ணீராய்ச் செலவாயிற்று. கடன் ஏறியது. அபினி லைசென்சுக்காக ஒரு சீன வியாபாரியிடம் பெருந்தொகை வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

சர்க்கரை முதலாளிகளும் வெள்ளை வியாபாரிகளும் இந்தச் சமயத்தைப் பயன்படுத்திக் கொண்டார்கள். 1887-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, ஆயுதப் படையைக் காட்டி மிரட்டிப் புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மன்னரின் அதிகாரம் போயிற்று. சொத்தும் வருமானமும் இல்லாத ஹவாய் மக்கள் பலர் மேல்சபைக்கு ஓட்டுப் போடும் உரிமையை இழந்தார்கள். ஆசியாவில் இருந்து வந்தவர்களுக்கு ஓட்டே இல்லை என்று ஆயிற்று.

கறுப்புத் துணி

மனம் உடைந்த மன்னரின் உடலும் கெட்டது. 1890-ம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவுக்குச் சென்றார். சிறுநீரக நோய் முற்றியது. படுக்கையில் இருந்தபடி, எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியில் தமது நாட்டு மக்களுக்காகத் தாய்மொழியில் சில வார்த்தைகள் பேசினார். 1891-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் உயிர் நீத்தார். வயது 54.

அப்போது ஹவாய்க்குக் கடல் தந்தி கிடையாது. மரணச் செய்தி யாருக்கும் தெரியாது. மன்னரை வரவேற்க ஹொனலூலு வீதிகளில் தோரணம் கட்டி இருந்தார்கள். ஜனவரி 29-ந் தேதி கப்பல் தெரிந்தது. அதன் கொடி அரைக் கம்பத்தில் பறந்தது. ஊர் கதறியது. தோரணங்களை அவிழ்த்துக் கறுப்புத் துணி கட்டினார்கள்.

அன்றே தங்கை லிலியுவோகலானி ராணியானார். 1893-ம் ஆண்டு அவரைப் பதவியில் இருந்து இறக்கினார்கள். 1895-ம் ஆண்டு, அண்ணன் கட்டிய அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தார்கள். 1896-ம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே பாட மொழி ஆயிற்று. 1898-ம் ஆண்டு ஹவாயை அமெரிக்கா தன்னுடன் சேர்த்துக் கொண்டது.

நாடு போயிற்று. பாட்டு போகவில்லை. 1915-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் உக்குலேலே வாசித்தார்கள். அமெரிக்கா முழுவதும் அந்த வாத்தியத்தின் மேல் மோகம் பிறந்தது. மன்னர் கண்மூடிய அதே நகரத்தில் இருந்து அவருடைய வாத்தியம் உலகம் சுற்றப் புறப்பட்டது.

கலாகாவாவை மக்கள் ‘உல்லாச மன்னர்’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரிலேயே ஹவாயின் ஹிலோ நகரில் ஆண்டுதோறும் ஹுலா விழா நடக்கிறது. ஒரு காலத்தில் தடுக்கப்பட்ட அந்த நடனத்தைக் காண இன்று கடல் கடந்து மக்கள் வருகிறார்கள்.