எட்வர்ட் மூங்க்: கண்ணுக்குள் கசிந்த ரத்தத்தையே ஓவியமாக்கியவர்

கன்னத்தில் கை வைத்து, வாயைப் பிளந்து அலறும் எமோஜியை அனுப்பாதவர்கள் குறைவு. அதைப் பார்த்ததும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'அலறல்' ஓவியம்தான். 1893-ல் அதை வரைந்தவர் நார்வேயைச் சேர்ந்த எட்வர்ட் மூங்க். ஆனா, அவரே பதறிப்போன ஒரு சம்பவம் 37 வருஷம் கழித்து நடந்தது. 1930-ல், 66 வயதில், அவரது வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது.

யார் இந்த மூங்க்?

1863 டிசம்பர் 12-ல் நார்வேயின் லோட்டன் பகுதியில் பிறந்தார். அப்பா ராணுவ மருத்துவர். மூங்குக்கு 5 வயதானபோது அம்மா காசநோயில் இறந்தார். 13 வயதில் அக்கா சோஃபியையும் அதே நோய் கொண்டுபோனது. 'நோயுற்ற குழந்தை' ஓவியம் அந்த இழப்பிலிருந்து வந்ததுதான்.

புகழ் வந்தது, கூடவே குடியும் மனச்சிக்கலும் வந்தன. 1908-ல் மனநலம் குலைந்து, கோபன்ஹேகனில் சில மாதங்கள் சிகிச்சை எடுத்தார். 1916-ல் ஆஸ்லோவுக்கு வெளியே எகேலி என்ற பண்ணை வீட்டை வாங்கி, தனியாக வரையத் தொடங்கினார்.

1930-ல் என்ன ஆச்சு?

அவருடைய இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு. நம்பியிருந்தது வலது கண்ணை. கசிவு ஏற்பட்டதோ அந்தக் கண்ணில்! ஓவியருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்?

கண் மருத்துவர் யோஹான் ரேடர் சொன்ன முக்கிய சிகிச்சை, ஓய்வு. அன்றைக்கு அதைத் தாண்டிச் செய்யப் பெரிதாக எதுவும் கிடையாது. ரத்தம் தானாக வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூங்க் சும்மா காத்திருக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாதிக்கப்பட்ட கண்ணில் தெரிவதை அப்படியே வரைந்தார். வண்ண வளையங்கள், கருந்திட்டுகள், அலகு நீண்ட பறவை போன்ற ஒரு நிழல் என வரிசையாகப் படங்கள் உருவாயின. மாதங்கள் போகப்போக பார்வை ஓரளவு தெளிந்தது. ஒரு நோயாளியின் கண்ணுக்குள்ளிருந்தே எடுத்த ஸ்கேன் மாதிரி அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன.

கண்ணுக்குள் ரத்தம் ஏன் கசிகிறது?

காரணங்கள் பல. அதில் முக்கியமான ஒன்று, விழித்திரைச் சிரை அடைப்பு. விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்தான் சிரை. பல இடங்களில் தமனி அதன்மேல் குறுக்கே போகும். வயசு, பிபி காரணமாகத் தமனி தடித்தால் சிரை நசுங்கி, ரத்தம் உறைந்து, பாதை அடைபடும். பின்னால் தேங்கும் ரத்தமும் நீரும் விழித்திரைக்குள் கசியும். கூர்மையான பார்வைக்கான மையப் பகுதியான மக்குலாவில் நீர் சேர்ந்தால், அதுதான் வீக்கம். படிக்கும் எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். வலி இருக்காது. அதனாலேயே பலர் தாமதிக்கிறார்கள்.

இன்று என்ன செய்யலாம்?

* ஓசிடி ஸ்கேன் மூலம் வீக்கத்தின் அளவைப் பார்த்துவிடலாம்.
* கசிவைக் கட்டுப்படுத்தும் 'ஆன்டி விஇஜிஎஃப்' ஊசியைக் கண்ணுக்குள் போடுவார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டபிறகு, சில நிமிட வேலைதான். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை, பிறகு தேவைக்கேற்ப.
* சிலருக்கு ஸ்டீராய்டு மருந்து. புதிதாக முளைக்கும் பலவீனமான ரத்தக் குழாய்களுக்கு லேசர்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஊசி அடைப்பை எடுக்காது, வீக்கத்தைத்தான் குறைக்கும். பார்வை தெளிந்ததும் பாதியில் நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரலாம். பிபி, சுகர், கொலஸ்ட்ரால், கண் அழுத்தம் நான்கையும் கவனிக்கணும். சிகரெட்டை விடணும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கே அதிகம் வரும் என்றாலும், இளைஞர்களுக்கும் வருவதுண்டு.

கடைசிவரை தூரிகை

மூங்க் அடுத்த 13 வருஷமும் வரைந்தார். 1937-ல் ஜெர்மனியின் நாஜி அரசு, அந்நாட்டு அருங்காட்சியகங்களில் இருந்த அவரது 82 படைப்புகளை 'சீரழிந்த கலை' என்று பறிமுதல் செய்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. 1944 ஜனவரி 23-ல், 80 வயதில் எகேலியில் இறந்தார். கைவசம் இருந்த படைப்புகளை ஆஸ்லோ நகருக்கே எழுதிவைத்திருந்தார்.

அவர் செய்த அந்தச் சோதனையை நாமும் செய்யலாம். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணாக மூடி, மொபைல் திரையில் உள்ள எழுத்தையும், கதவின் நேர்விளிம்பையும் பாருங்க. வீட்டில் பிபி, சுகர் இருக்கும் பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்க. திடீரென மங்கலோ வளைவோ தெரிந்தால், கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்க. மூங்குக்கு அன்று கிடைக்காத சிகிச்சை இன்று இருக்கு. சீக்கிரம் போனால்தான் முழுப் பலன்.