மக்களையே பாடமாக்கிய பேராசிரியர்

நம் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய பெரியோர் சிலரின் சரித்திரம் ஏனோ அதிகம் பேசப்படாமலே இருக்கிறது. அத்தகையோருள் ஒருவர் திவான் பகதூர் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். மக்கட் கூட்டங்களின் உறவுமுறை, தொழில், வழிபாடு முதலியவற்றை நேரிற் கண்டு ஆராய்வது மானிடவியல் என்னும் சாஸ்திரம். அதனை நம் நாட்டுச் சர்வகலாசாலையில் ஒரு பாடமாக நிலைபெறச் செய்தவர்களுள் இவர் தலையாயவர்.

பாலக்காட்டை அடுத்த லக்ஷ்மிநாராயணபுரம் அக்ரஹாரத்தில், தமிழ்க் குடும்பமொன்றில் 1861-ம் ஆண்டு இவர் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பி. ஏ. பட்டம் பெற்றார். முதலில் வாய்த்தது நிலவரித் திட்ட அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம். நம்மில் பலருக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும். பின்னர் ஆசிரியரானார், பாலக்காட்டிலும் எர்ணாகுளத்திலும் பாடம் கற்பித்தார்.

1902-ம் ஆண்டில் கொச்சி சமஸ்தானத்துக் குடிகளைப் பற்றி விவரம் திரட்டும் பொறுப்பு இவரிடம் வந்தது. கற்பிக்கும் வேலையை விடாமலே, ஓய்வு நாட்களில் இப்பணியைச் செய்தார். காட்டில் வாழும் காடர், வீதியில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட நாயாடிகள், வயலில் உழைத்த புலையர் ஆகியோரின் வாழ்க்கையை எழுதி வைத்தார். அவர்கள் நிழலும் தீட்டு என்று கருதிய காலம் அது. ஆசாரம் மிகுந்த அக்ரஹாரத்தில் வளர்ந்த ஒருவர் அவர்களைப் பற்றிக் கேட்டறிய முன்வந்தது சிறிய காரியமன்று. அவ்வுழைப்பின் பயனாகக் கொச்சிக் குடிகளையும் ஜாதிகளையும் பற்றிய நூல் 1909-லும் 1912-லும் இரு பாகங்களாக வெளிவந்தது.

மானிடவியலில் பட்டம் பெற அந்நாளில் இந்தியாவில் வழியே இல்லை. பட்டமில்லாத இவரைச் சென்னைச் சர்வகலாசாலை 1916-ல் சொற்பொழிவாற்ற அழைத்தது. 1920 அளவில் ஸர் அசுதோஷ் முகர்ஜி இவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்துப் புதிய மானிடவியல் துறையை ஒப்படைத்தார். அப்போது இவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. மற்றவர் ஓய்வு பெறும் வயதில் மொழியும் உணவும் வேறான ஊருக்குக் குடிபெயர்ந்து, மாணவர்க்குப் பாடம் வகுத்துத் தந்தார். அத்துறையில் அந்நாளில் பயின்றவரே நிர்மல் குமார் போஸ். நவகாளியில் காந்தியடிகளுடன் பணியாற்றிய அவர், பிற்காலத்தில் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் தலைவருமானார்.

மண்டையை அளந்து இனம் பிரிக்கும் அக்காலக் கொள்கைகள் இன்று கைவிடப்பட்டன. ஆனால் நேரிற் சென்று, கேட்டு, எழுதிக்கொள்ளும் முறை நிலைத்துவிட்டது. மைசூர்க் குடிகளைப் பற்றிய பெருநூலையும் நிறைவேற்றி, 1934-ல் ஐரோப்பிய நாடுகளில் சொற்பொழிவாற்றிவிட்டு, 1937-ல் ஐயர் மறைந்தார். சென்னைச் சர்வகலாசாலையில் மானிடவியல் துறை தோன்றியது 1945-ல்தான்.

நம் காலனியில் ஒரே சுவருக்கு இருபுறமும் இரு மொழியார் வாழ்கிறோம். அடுத்த வீட்டில் மாவிலை கட்டினால் எதற்கென்று கேட்பதில்லை. அவர்கள் அத்தையை எவ்வாறு அழைப்பார்கள் என்றும் அறியோம். சங்கத்தைச் சேர்ந்த நாம் தமிழைக் காப்பதில் காட்டும் ஊக்கம் போற்றத்தக்கது. எனினும் வந்த ஊரை அறியாமல் வாழ்வது அதனினும் பெரிய இழப்பு. மானிடவியல் பெரும்பாலான பள்ளிகளில் தனிப் பாடமாக இல்லை. ஆகவே அதன் முதற்பாடத்தை வீட்டிலேயே தொடங்குவோமாக. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, மரியாதையுடன் கேட்டறியும் பழக்கத்தை நம் குழந்தைகளுக்கு அளிப்போமாயின், அப்பேராசிரியருக்கு அதுவே தக்க அஞ்சலியாகும்.