விண்வெளிக்கு வழி சொன்ன ஆசிரியர்

விண்வெளி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யூரி ககாரின். 1961 ஏப்ரல் 12-இல் அவர் பூமியைச் சுற்றி வந்தார். அதற்கு வெகு முன்பே அந்தப் பயணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கான்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி என்னும் ரஷ்ய ஆசிரியர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திருச்சபையின் பெண்கள் பள்ளியொன்றில் அவர் இயற்பியல் கற்பித்தார் என்பது மாணவியராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

1857-இல் பிறந்த அவர், பத்து வயதளவில் கடுங்காய்ச்சலுக்கு ஆளாகிச் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தார். சில ஆண்டுகளில் அன்னையையும் இழந்தார். பள்ளிக்கல்வி தொடரவில்லை. பதினாறாம் வயதில் மாஸ்கோ சென்று, ரொட்டியை மட்டுமே உண்டு, மிச்சப் பணத்தில் நூல்களும் ஆய்வுப் பொருள்களும் வாங்கினார். நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. 1879-இல் ஆசிரியர் தேர்வில் தேறினார். பிறர் பேச்சைக் கேட்கத் தகரத்தால் செவிக்குழல்களைத் தாமே செய்துகொண்டார்.

ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால், காற்று ஒருபுறம் வெளியேற, பலூன் மறுபுறம் பாய்கிறதன்றோ? ராக்கெட்டும் அவ்வாறே இயங்குகிறது. காற்றில்லாத வெளியிலும் அது செல்லும். எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேகம் என்னும் சமன்பாட்டை 1903-இல் அவர் வெளியிட்டார். திரவ ஹைட்ரஜன் எரிபொருளாகலாம், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன் உதவலாம் என்றும் கூறினார்.

போவது ஒருபுறமிருக்க, அங்கே வாழ்வது எப்படி? சுவாசிக்கக் காற்றில்லை, உண்ண உணவில்லை, உடலுக்கு எடையில்லை. கலத்துக்குள் செடி வளர்த்தால் காற்றும் தூய்மையாகும், உணவும் கிடைக்கும் என்றார் அவர். கலத்தைச் சுழலவிட்டால் எடையுணர்வு உண்டாகும் என்றார். எடையின்மையில் எலும்பும் தசையும் மெலிகின்றன என்பதைப் பிற்காலப் பயணங்கள் காட்டின. 2015-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தாங்கள் வளர்த்த கீரையை உண்டபோது, அவர் கண்ட கனவின் ஒரு துளி நனவாயிற்று.

இத்தனை இடர்களுக்கிடையே மனிதன் ஏன் செல்ல வேண்டும்? சூரியன் பொழியும் ஒளியில் மிகச் சிறு பங்கே பூமிக்கு வருகிறது. எஞ்சியதைப் பயன்படுத்தினால் மனித குலம் அழியாது தழைக்கும் என அவர் நம்பினார்.

1935-இல் கலூகா நகரில் அவர் காலமானார். தம் வாழ்நாளில் ஒரு ராக்கெட்டும் விண்வெளியை எட்டியதை அவர் காணவில்லை. அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1957-இல்தான் முதல் ஸ்புட்னிக் பறந்தது. 1961-இல் கலூகாவில் அவர் பெயரால் எழுந்த அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ககாரினே!

தோழியரே, விண்வெளியில் ஒரு மூச்சுக் காற்றுக்கும் ஒரு பிடி கீரைக்கும் எத்தனை பாடு! அவற்றை இங்கே நாம் கேளாமலே பெறுகிறோம். வானத்தை ஆராய்வோம், வாழவைக்கும் இப்பூமியையும் போற்றிக் காப்போம்.